பார்க்க ஒரு மனு

(ராஜபாளையத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மனு’ என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீதிமன்றம் பழகியவர்களுக்கு மனு என்றால் பச்சைத் தாள், கோர்ட் பீஸ் ஸ்டாம்பு, குறை சொல்லித் திருப்பி அனுப்பப்படும் கட்டு. ஆனால் மதுரை மத்திய சிறைக்கோ பாளையங்கோட்டைக்கோ போய்வந்த குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. “போன வாரம் மனு பார்த்துட்டு வந்தேன்” என்றால், உள்ளே இருக்கிறவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று பொருள். விடியற்காலையில் பஸ் ஏறி, சிறை வாசலில் வரிசையில் நின்று, பெயரும் உறவும் எழுதிக் கொடுத்து, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவது.

என்னிடம் வந்த ஒருவரை அவர் மனைவி இரண்டு வருடம் மனு பார்த்தார். மூன்றாவது வருடம் வரவில்லை. ஆறு வருடம் கழித்து வெளியே வந்த அந்த மனிதர், பிள்ளையைப் பார்க்க மனு போட வேண்டும் என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அன்று கம்பிக்கு வெளியே நின்றவர் இன்று கம்பிக்கு உள்ளே மாதிரியும், உள்ளே இருந்தவர் வெளியே மாதிரியும் ஆகிவிட்டார்கள்.

ஆளைத் தேடாதீர்கள். நாற்பது வருடத் தொழிலில் பார்த்த நாலைந்து பேரை ஒருவராகச் சேர்த்துத்தான் சொல்கிறேன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு மறுநாள் நடந்த அடிதடியில் ஓர் உயிர் போய்விட்டது; தண்டனை ஆகிவிட்டது.

“சார், ரெண்டு மனு போடணும்” என்றார். “ஒண்ணு பையனைப் பார்க்க. இன்னொண்ணு டி.என்.ஏ. டெஸ்டுக்கு.”

“டெஸ்ட் எதுக்கு?”

“அவன் எம்பிள்ளைதானான்னு தெரியணும்ல சார். டீக்கடையில ஒருத்தன் கேக்கான், ‘என்னப்பா, பய உன் ஜாடையே இல்லையே’ன்னு.”

“சரி, பையனைப் பார்க்கிற மனு எதுக்கு?”

“எம்பிள்ளை சார்.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. ஊர் கொடுத்த சந்தேகம் ஒரு கையில், தன்னுடைய ஆசை இன்னொரு கையில். இரண்டையும் ஒரே வக்கீலிடம் ஒரே பீஸில் முடித்துக்கொள்ள வந்திருக்கிறார். ஒரு மனு இன்னொன்றைத் தின்றுவிடும் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லத்தான் அன்று மாலை முழுவதும் ஆனது. அந்த விளக்கத்தைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

முதலில் தேதிக் கணக்கு. கைதாகி மூன்று மாதம் ரிமாண்டில் இருந்தார். பிறகு ஜாமீன். ஒன்றரை வருடம் வெளியே, வீட்டில். தீர்ப்பு வந்து உள்ளே போனார். போன ஏழாவது மாதம் பையன் பிறந்தான். எண்ணிப் பார்க்கக் கைவிரல் போதும். ஆனால் ஊருக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை பிறந்தபோது தகப்பன் ஜெயிலில் இருந்தான். ஜாமீன் காலத்தை ஊர் மறந்துவிட்டது. ஆறு வருடத்தில் அவரும் ஊரோடு சேர்ந்து மறந்துவிட்டார்!

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 112ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது; பிரிவு எண் 116 ஆகிவிட்டது; உள்ளே இருக்கிற சரக்கு மாறவில்லை. செல்லுபடியான திருமணம் நடப்பில் இருக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும் 280 நாளுக்குள்ளோ ஒரு குழந்தை பிறந்தால், அது அந்தக் கணவரின் முறையான பிள்ளை. அதற்கு முடிவான நிரூபணம் என்று பெயர். முடிவானது என்றால் எதிர்ச்சாட்சியத்துக்குக் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். ஒரே ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கும்: கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அணுகும் வாய்ப்பே இல்லை என்று காட்டவேண்டும்.

‘வாய்ப்பு’ என்கிற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அணுகினார்களா என்று சட்டம் கேட்கவில்லை, அணுக முடிந்திருக்குமா என்றுதான் கேட்கிறது. இதைத் தீர்த்துவைத்த பழைய வழக்கின் பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஆட்கள் மாதிரி இருக்கும்: கருப்பையா சேர்வை எதிர் மாயாண்டி. ஆங்கிலச் சட்ட ஏடுகளில் ‘கரபயா’ என்று எழுத்து சிதைந்து கிடக்கிறது. ரங்கூனிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1934இல் முடிந்த வழக்கு. கடல் தாண்டிப்போன நம் ஆட்களின் வீட்டுத் தகராறு, இன்றைக்கும் டெல்லியில் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு ஆதாரமாக இருக்கிறது.

இப்போது சிறையை இதற்குள் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் இருந்தேன், பிரிந்து இருந்தேன் என்று சொல்கிறவர்கள் அதை நிரூபிப்பதற்குள் தலையால் தண்ணீர் குடிக்கவேண்டும். ரகசியமாக வந்துபோயிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். சிறையில் இருந்தவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எந்தத் தேதியில் உள்ளே, எந்தத் தேதியில் வெளியே என்று அரசாங்கமே பதிவேடு வைத்திருக்கிறது. நம் ஊரில் வாய்ப்பின்மைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதே பதிவேட்டில் விடுப்பும் பதிவாகியிருக்கும். நாம் பரோல் என்று சொல்வதைத் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு விதிகள் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று பிரிக்கின்றன. தாயார் இறந்ததற்கு வந்த மூன்று நாள், தங்கை கல்யாணத்துக்கு வந்த ஒரு வாரம். அந்த நாட்களில் வாய்ப்பு இருந்ததா இல்லையா? வாசலில் எஸ்கார்ட் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தரப்பு வாதாடும். அவர் சாப்பிடப் போகவில்லையா என்று மறுதரப்பு கேட்கும். சட்டம் படிக்கப் போனபோது இப்படியெல்லாம் வாதாட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த வாய்ப்பு விஷயத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறது. 2018 ஜனவரியில் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த ஆயுள் கைதி ஒருவருக்கு, பிள்ளை பெறும் நோக்கத்துக்காகவே இரண்டு வார விடுப்பு கொடுத்தது. பிறகு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தாம்பத்திய உறவுக்கென்று விடுப்புக் கேட்பது கைதியின் உரிமை ஆகாது, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வேண்டுமானால் விடுப்புத் தரலாம் என்று கோடு போட்டது. கைதி தகப்பன் ஆகலாமா என்பதற்கு இவ்வளவு விவாதம் நடந்திருக்கிறது. தகப்பன் ஆன கைதி வெளியே வந்தபின் என்ன செய்வது என்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட நடக்கவில்லை.

சரி, டி.என்.ஏ.வுக்கு வருவோம். நம் உடம்பின் மரபணு இழையில் ஒரே எழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள்: ஒன்று தாய் வழி, ஒன்று தகப்பன் வழி. பிள்ளைக்கு ஓரிடத்தில் 12, 15 என்று இருக்கிறது. தாய்க்கு 12, 14. அப்படியானால் 15 தகப்பனிடமிருந்து வந்திருக்கவேண்டும். நிற்கிற மனிதரிடம் 9, 11தான் இருக்கிறது என்றால் பொருந்தவில்லை. ஓரிடத்தில் மட்டும் பொருந்தாவிட்டால் மரபணு தற்செயலாக மாறியிருக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் தகப்பன் இல்லை. எல்லா இடத்திலும் பொருந்தினால் 99.99 சதவீதத்துக்கு மேல் என்று அறிக்கை வரும். நூறு என்று மட்டும் எழுதமாட்டார்கள். ஒத்த இரட்டையர் இருந்தால் இந்தச் சோதனையும் கைவிரித்துவிடும்.

இன்னொன்று. கூரியரில் பெட்டி வரவழைத்து, தூங்குகிற பிள்ளையின் கன்னத்துக்குள் பஞ்சை விட்டுத் தேய்த்து அனுப்பி, அறிக்கையோடு வருகிறவர்கள் இப்போது உண்டு. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் அதிக தூரம் போக முடியாது. யாருடைய மாதிரி, யார் எடுத்தது, யார் முன்னிலையில், முத்திரை வைத்தது யார் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் போச்சு.

இந்த அறிவியல் முதலில் கைகொடுத்ததே வேறு காரியத்துக்காக என்பது பலருக்குத் தெரியாது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் அது முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு கானா நாட்டுச் சிறுவனுக்காக. அவன் அந்தத் தாயின் பிள்ளைதானா என்று குடியேற்ற அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். சோதனை, ஆம் என்றது. பையன் தாயோடு சேர்ந்தான். இந்தியாவில் இது முதலில் நீதிமன்றம் ஏறியது தலைச்சேரியில், ஒரு ஜீவனாம்ச வழக்கில். ஹைதராபாத்தின் லால்ஜி சிங் சாட்சி சொன்னார். 1991இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அங்கே சோதனையால் பிள்ளைக்கு ஒரு தகப்பன் கிடைத்தார். நம் பக்கத்து நீதிமன்றங்களில் நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்க ஆண்கள் போட்டவை. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளப் போட்டதை விரல்விட்டு எண்ணலாம்.

நான் வசிக்கிற ராஜபாளையத்தின் பெயரில் ஒரு நாய் இனம் இருக்கிறது. 2005இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. குட்டி வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தாய் எது, தகப்பன் எது, அதற்கு முந்தின தலைமுறை எது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர், கேட்கட்டும். அதே கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பற்றி டீக்கடையில் ஒருவர் கேட்கிறார் என்றால், அவர் எதை வாங்க வந்தார்?

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் முப்பது வருடமாக ஏறக்குறைய ஒரே குரலில் பேசிவருகிறது. 1993இல் கௌதம் குண்டு வழக்கில், கேட்டவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது, பிள்ளைக்கு ‘முறைதவறிப் பிறந்தவன்’ என்ற பெயரும் தாய்க்குப் பழியும் வருமா என்று முதலில் பார் என்றது. 2023இல் அபர்ணா பிரோடியா வழக்கில் நீதிபதிகள் ராமசுப்பிரமணியனும் நாகரத்னாவும், மனைவி நடத்தை தவறினாள் என்று நிரூபிக்க ஆசைப்படுகிறவன் பிள்ளையின் உடம்பைச் சாட்சிப் பொருளாக்க முடியாது என்றார்கள். அந்தக் கணவர் ஏற்கெனவே தனியாரிடம் சோதித்து அறிக்கை வைத்திருந்தார். அப்படியும் நடக்கவில்லை. 2025 ஜனவரியில் ஐவான் ரத்தினம் வழக்கு. தன் தாயின் கணவர் அல்லாத வேறொருவர்தான் தன் தகப்பன் என்று ஓர் இளைஞர் சோதனை கேட்டார். கணவரோடு வாய்ப்பு இருந்தது என்று ஆனபிறகு வேறொருவரை இழுத்து அவர் அந்தரங்கத்தைத் தோண்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

நடுவில் 2014இல் ஒரு தீர்ப்பு மட்டும் வேறு பக்கம் திரும்பியது. நந்தலால் பட்வைக் வழக்கு. அங்கே சோதனை இரண்டு முறை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. இரண்டிலும் அவர் தகப்பன் இல்லை. உண்மை மேசைமேல் கிடக்கும்போது அனுமானத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதரை ஜீவனாம்சம் கட்டச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். மனச்சாட்சியுள்ள தீர்ப்பு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் கவனியுங்கள்: அறிக்கை வந்தபின் அதை ஒதுக்க முடியாது என்பதால்தான், அறிக்கை வரவேண்டுமா என்கிற கட்டத்திலேயே நீதிமன்றங்கள் இவ்வளவு தயங்குகின்றன. திறந்த பெட்டியை மூட முடியாது. என் கட்சிக்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். “தம்பி, இல்லைன்னு வந்தா என்ன செய்வே?” பதில் இல்லை. “ஆமான்னு வந்தா? கோர்ட்டுல போலீஸ் பாத்து நிக்க, ஆஸ்பத்திரியில ஊசி குத்தி ரத்தம் எடுத்தது எதுக்குன்னு பையன் பின்னாடி கேட்டா என்ன சொல்வே?” அதற்கும் பதில் இல்லை.

இந்தச் சோதனை வேறொரு வகை வழக்கில் மறுபேச்சில்லாமல் நடக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் போனால் நான் பாதியை மறைத்தவன் ஆவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் போக்சோ நீதிமன்றம் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்று வரும் வழக்குகளில், பிறந்த குழந்தைக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மரபணு ஒப்பிடுவது இன்று சாதாரண நடைமுறை. எந்த அறிக்கை அவரைத் தகப்பன் என்கிறதோ, அதே அறிக்கைதான் அவரைச் சிறைக்கும் அனுப்புகிறது. பலாத்காரம் நடந்த வழக்கில் அந்த ஆள் வெளியே வந்து உரிமை பேசினால், அந்தப் பெண் அவருக்கு எதையும் பங்கு வைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. மணமாகாத தாய், தகப்பனுக்கு அறிவிப்பே அனுப்பாமல் காப்பாளர் ஆகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த இடத்தில் துணைக்கு வரும். ஆனால் வீட்டை விட்டு ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்ட பதினேழும் இருபத்தொன்றும் அதே கூண்டில் வந்து நிற்கிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அந்தப் பெண்ணும் குழந்தையும் அவரோடு வாழ்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனை விதிக்காமல் விட்டது. எல்லாருக்கும் அது கிடைக்காது.

இனி, சிறைக்குப் போனவன் தகப்பன் உரிமையை இழக்கிறானா? இந்தக் கேள்விக்கு 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தைத் திறந்தால் ஒரு வேடிக்கை. பையனுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்கிறது ஆறாவது பிரிவு. யாருக்கு அந்தத் தகுதி போகும்? மதம் மாறியவருக்குப் போகும். உலகைத் துறந்து சந்நியாசி ஆனவருக்குப் போகும். சிறைக்குப் போனவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காவி கட்டினால் காப்பாளர் இல்லை. கைதி உடை போட்டால் காப்பாளர்தான்! தத்தெடுப்புச் சட்டத்திலும் இதே கதை. மறுமணம் செய்துகொண்ட தாய், புதுக் கணவர் பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும் என்று விரும்பினால், உள்ளே இருக்கிற முதல் கணவரின் சம்மதம் தேவை.

இந்த வேடிக்கையை ஓரளவு சரிசெய்தவர் ஓர் எழுத்தாளர். கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தானே காப்பாளராகக் கையெழுத்திட்டார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று வங்கி திருப்பி அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1999இல் தீர்ப்பு: ‘தகப்பனுக்குப் பிறகு’ என்றால் தகப்பன் செத்தபிறகு என்று பொருள் இல்லை, எந்தக் காரணத்தாலோ தகப்பன் பிள்ளையைக் கவனிக்க முடியாமலோ கவனிக்காமலோ இருக்கும்போது தாயே காப்பாளர். வெளியே நின்று தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஒவ்வொரு கைதியின் மனைவிக்கும் இந்தத் தீர்ப்பில் பங்கு உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துக் கேட்டால் இன்றும் திகைத்துப்போய் நிற்கிறார்கள்.

குற்றம் எதுவானாலும் ஒன்றுதானா? இல்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், நீதிமன்றம் நியமித்த காப்பாளரை நீக்குவதற்கான காரணங்களில், காப்பாளராக இருக்கத் தகுதியில்லாத குணக்கேட்டைக் காட்டுகிற குற்றத்துக்குத் தண்டனை பெறுவதையும் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதியதுதான், ஆனால் அளவுகோல் சரியானது. சிறை என்பது ஒரே வார்த்தை. உள்ளே போகிற காரணம் ஆயிரம். வரப்புத் தகராறில் போனவரையும் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டுப் போனவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2008இல் கல்கத்தாவிலிருந்து வந்த நில்ரத்தன் குண்டு வழக்கில், மனைவியின் சாவுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட தகப்பனிடம் பிள்ளையைக் கொடுத்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அந்தக் குற்றச்சாட்டைக் கீழே யாரும் எடைபோடவே இல்லை என்று கண்டித்தது. தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்று பையன் சொல்லியிருந்தான், அவர்களிடமே விட்டது.

இதற்கெல்லாம் மூலமான தீர்ப்பு நம் மதராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து போனது: ரோசி ஜேக்கப் வழக்கு, 1973. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்ற கருத்தை நிலைநாட்டியது அதுதான். அமெரிக்காவில் 1983இல் லேர் என்பவரின் வழக்கு இன்னும் கறாராகச் சொன்னது. பெற்ற தொடர்பு தகப்பனுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பைப் பிடித்துப் பிள்ளையோடு பழகி வளர்த்தவனுக்குத்தான் அரசியலமைப்பின் முழுப் பாதுகாப்பு. இதை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். கம்பிக்குள்ளே இருந்தவன் வாய்ப்பை எப்படிப் பிடிப்பான்? தாய் சிறையில் இருந்தால் ஆறு வயதுவரை பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. தகப்பனுக்கு மனுப் பார்க்கும் கம்பிவலைதான். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோ அழைப்பு வந்தது நல்ல காரியம்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரை இதில் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில், துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார். பெற்றவர் யார் என்று அந்த ஊர் இதுவரை கேட்டதில்லை. ரங்கமன்னாருக்கு மாமனார் அவர்தான். அந்தக் குழந்தை வளர்ந்து பாடியது யாரை? சிறையில் பிறந்த ஒரு பிள்ளையை. பாரதத்திலேயே பேர்பெற்ற சிறைத் தகப்பன் வசுதேவர்தானே! விலங்கு கழன்று வெளியே வந்தபோது பிள்ளை வளர்ந்து நிற்கிறான், வளர்த்தவர் நந்தகோபர். இந்த இழப்பைப் பாடியவர் குலசேகர ஆழ்வார். பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழி முழுக்கத் தேவகியின் புலம்பல். பிள்ளையின் மழலையைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுகிறவள், நந்தன் பெற்ற பேற்றைத் தன் கணவன் பெறவில்லையே என்றும் அழுகிறாள். மனைவி தனக்காக அழுவதோடு கணவனின் தகப்பன்மைக்காகவும் அழுகிற இடம் அது. என் கட்சிக்காரரின் மனைவி அழவில்லை, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அறையில் ஒருமுறை சொன்னார்: “அவர் கெட்டவர் இல்ல சார். ஆனா எனக்கு இனிமே ஆகாது. புள்ளைக்கு ஆகலாம்.” இவ்வளவு தெளிவாகச் சட்டம்கூடச் சொன்னதில்லை.

மனைவி சம்மதித்ததால் காரியம் சுலபமாயிற்று. டி.என்.ஏ. மனுவை நான் தாக்கல் செய்யவில்லை. செய்திருந்தால் ஜாமீன் தேதிகளைக் காட்டியே எதிர்த்தரப்பு தள்ளவைத்திருக்கும். அதைவிட, பிள்ளை என் பிள்ளைதானா என்று எழுதிக் கொடுத்தவன் அடுத்த வாரம் பிள்ளையைக் காட்டு என்று கேட்டால், எந்த நீதிபதியும் முதல் தாளைத்தான் திருப்பிப் பார்ப்பார். காவலில் எடுத்துக்கொள்ளவும் கேட்கவில்லை. பார்க்க மட்டும் கேட்டோம். பிள்ளைக்குத் தகப்பனோடு பேசவும் பழகவும் உரிமை உண்டு, முடிந்தால் வீடியோ அழைப்பிலாவது என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டினோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம், தாய்வழித் தாத்தா கூடவே இருக்கவேண்டும் என்று உத்தரவு ஆனது.

முதல் சனிக்கிழமை நானும் இருந்தேன். பால்கோவா டப்பாவோடு வந்திருந்தார். பையன் அதைத் தொடவில்லை. தாத்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து நேராகக் கேட்டான்: “நீங்க ஜெயில்ல இருந்தீங்களா?” அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்கு வக்கீல் பதில் சொல்ல முடியாது. “ஆமா” என்றார். “அங்க டிவி இருக்குமா?” என்றான் பையன். “இருக்கும்” என்றார். எந்தச் சேனல் வரும் என்று அடுத்த கேள்வி. அதற்கப்புறம் நான் அங்கே நிற்கவில்லை.

இங்கே கைதிகளின் குடும்பத்தார் யாராவது இருக்கலாம், ஒரு தகவல். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் திரும்பி வருவார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவார். அன்றைக்குப் பையனின் முகத்தைப் பார்த்து ஜாடை பேசாதீர்கள். டீயைக் குடித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள்.